கடல் கூண்டு மீன்களில் பாக்டீரியா நோய்: அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

கடலில் மிதக்கும் கூண்டுக்குள் இருக்கும் மீனுக்கு மருந்து போய்ச் சேர ஏறக்குறைய ஒரே வழிதான் உண்டு: இரை. தண்ணீரில் கலந்தால் அடுத்த நீரோட்டத்தில் அது போய்விடும். ஊசி போடலாம் என்றால், ஒவ்வொரு மீனையும் பிடித்துத் தூக்கும் அலைக்கழிப்பே நோயை இரட்டிப்பாக்கும். ஆனால் பாக்டீரியா தாக்கிய மீன் முதலில் கைவிடுவதும் இரையைத்தான். ஆகவே மருந்து பலிக்கக்கூடிய காலம் மிகக் குறுகியது. சில மீன்கள் இரையை விடத் தொடங்கிவிட்டன, பெரும்பாலானவை இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன என்ற நிலையில் கிடைக்கும் இரண்டு மூன்று நாள்தான் அது. அந்த நாள்களை நழுவவிட்டு, செத்த மீன்கள் கண்ணில் படத் தொடங்கிய பிறகு மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்விராலும் (கோபியா) கொடுவாவும் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010இல் கடல்விரால் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவில் அதை 1997லேயே செய்து காட்டியிருந்தது. குஞ்சு கிடைக்கும் வழி திறந்தது, கூண்டுகள் பெருகின. கூண்டுகள் நெருங்கியதும் நோயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகப் போகத் தொடங்கியது.

எந்த அறிகுறியைத் தேடுவதற்கு முன்னும் இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு வேளையும் எவ்வளவு இரை போட்டோம், எவ்வளவு நேரத்தில் தின்று முடித்தன என்று எழுதி வைப்பது. இன்னொன்று, கூண்டின் அடிவலையைத் தினமும் பார்ப்பது. கடல்விராலுக்குக் காற்றுப்பை கிடையாது. செத்ததும் அது மிதக்காது, அடியில் போய்க் கிடக்கும். மேலிருந்து எண்ணுகிறவருக்கு ஒன்று இரண்டு என்று தெரியும்போது கீழே பத்து இருக்கும். வள்ளத்தில் நின்றபடி எண்ணிய கணக்கை நான் நம்புவதில்லை. ஒருவர் முக்குளித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் தவித்தால்

இது பெரும்பாலும் நோய் அல்ல, தண்ணீர். பாக்டீரியா நோயில் சாவு படிப்படியாக ஏறும்: இன்று இரண்டு, நாளை ஐந்து, மறுநாள் பன்னிரண்டு. விடியற்காலையில் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே போனால் கடல்விரால் தாங்காது. அது ஓயாமல் நீந்தும் மீன், ஆக்சிஜன் அதற்கு நிறைய வேண்டும்.

வலையைப் பாருங்கள். பாசியும் கொட்டலசும் சிப்பியும் ஒட்டிக் கண்கள் அடைந்திருந்தால், வெளியே நல்ல தண்ணீர் ஓடினாலும் உள்ளே வராது. கடலின் நிறத்தையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாக மாறியபோது, எந்தக் கிருமியும் இல்லாமலே மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த நிலையில் மருந்துக்குச் செய்யும் செலவு வீண். இரையை நிறுத்துங்கள், அடைத்த வலையை மாற்றுங்கள், முடிந்தால் கூண்டை நல்ல தண்ணீருக்கு இழுத்துச் செல்லுங்கள்.

மீன் வலையில் உடம்பைத் தேய்த்தால், சட்டென்று பக்கவாட்டில் பளிச்சிட்டால்

ஒட்டுண்ணி. அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி கூட வேண்டாம். ஒரு பெரிய டப்பில் நல்ல தண்ணீர், அதாவது குடிக்கும் தண்ணீர், எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் இருக்கக் கூடாது, கடல்நீரின் வெப்பத்துக்கு நெருங்கியிருக்க வேண்டும், காற்று விட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று மீனை அதில் ஐந்து நிமிடம் விடுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் நியோபெனடீனியா என்ற தட்டைப்புழு உயிரோடு இருக்கும்போது கண்ணாடிபோல் நிறமின்றி இருப்பதால் தெரியாது. நல்ல தண்ணீர் பட்டதும் வெள்ளையாக வெளுத்து, கழன்று டப்பின் அடியில் விழும். கறுப்பு டப்பாக இருந்தால் எண்ணிக்கூடப் பார்க்கலாம். கொடுவா இந்தக் குளியலைச் சுலபமாகத் தாங்கும். கடல்விராலைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். சாய்ந்தால் உடனே எடுத்துக் கடல்நீரில் விடுங்கள்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கூண்டில் நாம் காணும் பாக்டீரியாப் புண்களில் பலவும் இந்தப் புழு, கடல்பேன், அட்டை ஆகியவை கடித்த இடத்தில் தொடங்கியவை. புழுவை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தால், மருந்து முடிந்த வாரமே புண் திரும்பி வரும்.

இரை எடுப்பது குறைந்து, சில மீன்கள் கறுத்து ஒதுங்கினால்

இதுதான் கண்ணில் படாமலே போய்விடும் அறிகுறி. கூட்டத்தோடு சுற்றாமல் வலையோரமாக, மேற்பரப்பை ஒட்டி, மெதுவாக நீந்தும் நாலைந்து மீன்கள் இருக்கும். முதுகு வழக்கத்தைவிடக் கறுத்திருக்கும். பத்து நிமிடத்தில் முடியும் இரை இருபது நிமிடம் எடுக்கும்.

அன்றைக்கே அந்த ஒதுங்கிய மீன்களில் மூன்று நான்கை வலைக்கரண்டியால் பிடியுங்கள். துடுப்பின் அடி, வாயின் ஓரம், மலத்துளை, செவுள் என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு ஒன்றை அறுத்துப் பாருங்கள். கீழே வரும் அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்பதை இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துவிட்டால் மருந்துக்கு வேண்டிய நாள்கள் கையில் இருக்கும். அன்று மீதி மீன்களுக்கு இரையைப் பாதியாகக் குறையுங்கள். தின்னாத இரை அடிவலையில் கிடந்து அழுகுவது நோயை ஊட்டி வளர்க்கும்.

துடுப்படியில் சிவப்பு, உடம்பில் புண், வயிற்றில் நீர்

விப்ரியோ நோய். வெப்பக் கடல் கூண்டுகளில் நாம் சந்திப்பதில் பெரும்பங்கு இதுதான். விப்ரியோ கடல்நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா. வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. மீனின் தோல் முழுதாக இருக்கும் வரை, உடம்பு தெம்பாக இருக்கும் வரை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் தண்ணீர் சுடத் தொடங்கும்போதும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை கூண்டைப் புரட்டி மீன்கள் வலையில் உரசும்போதும், தரம் பிரிக்கப் பிடித்து விட்ட அடுத்த வாரத்திலும் அதற்கு வழி திறக்கிறது. இந்தியக் கடல் கூண்டுகளில் வளர்ந்த கொடுவாவின் நோயிலிருந்தும், தைவானில் வளர்த்த கடல்விராலின் நோயிலிருந்தும் விப்ரியோ அல்ஜினோலிட்டிகஸ் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. விப்ரியோ ஹார்வேயி இன்னொரு முக்கியமான இனம்.

வெளியே தெரிவது: மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் உடம்போடு சேரும் இடத்தில் ரத்தக் கசிவு, உதட்டோரச் சிவப்பு, மலத்துளை வீங்கிச் சிவந்திருத்தல், பக்கவாட்டில் செதில் உதிர்ந்து ஆழமாகும் புண். அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் மஞ்சள் அல்லது ரத்தம் கலந்த நீர், வெளிறிய அல்லது ரத்தப் புள்ளி விழுந்த கல்லீரல், வீங்கிய மண்ணீரல், இரை இல்லாத குடலில் கோழை இருக்கும். நோய் மிக வேகமாக வந்தால் இவற்றில் எதுவும் தெரியாமலே நல்ல மினுமினுப்போடு மீன் செத்துக் கிடக்கும். புண் இல்லை என்பதால் விப்ரியோ இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியதை அதே வரிசையில் சொல்கிறேன். சாகும் நிலையில் உள்ள மீனிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அடைத்த வலையை மாற்றுங்கள், ஆனால் மீனைக் கையால் தொடாமல், புது வலையைக் கீழே விட்டுப் பழையதை உருவும் முறையில். சங்காய மீனை, அதாவது விலைபோகாத கழிவு மீனை, இரையாகப் போடுகிறவர் என்றால் அதை உடனே நிறுத்துங்கள். பனிக்கட்டி இல்லாமல் கரையில் மணிக்கணக்காகக் கிடந்த சாளையை வெட்டிப் போடுவது, விப்ரியோவை நேராகக் குடலுக்குள் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். மருந்து பிறகுதான். அதன் கணக்குக் கீழே வருகிறது.

கண் பிதுங்கி, வெளுத்து, மீன் சுழன்று சுழன்று நீந்தினால்

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்கு மருந்து உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.

வளர்ந்த கொடுவாவில் கண் பிதுங்கி, விழி மங்கி, உடம்பு வளைந்து, திசை தெரியாமல் சுழன்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்ற பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். அது மூளையைத் தாக்குகிறது. ஆஸ்திரேலியாவின் கொடுவாப் பண்ணைகளில் நன்கு தெரிந்த நோய் இது. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது சிறுநீரகத்தோடு மூளையிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். விப்ரியோவுக்கு எதிராக வேலை செய்த மருந்து இதற்கும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த மருந்து என்பதைச் சோதனை முடிவு சொல்லட்டும்.

இரண்டு மூன்று அங்குலக் குஞ்சுகள் வயிற்றை மேலே காட்டி மிதந்து, சுருண்டு சுழன்று, இரையை அடியோடு விட்டால் அது பெரும்பாலும் நோடா வைரஸால் வரும் நரம்பு நோய். நுண்ணுயிர்க்கொல்லிக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை விலையுள்ள மருந்தைப் போட்டாலும் ஒரு குஞ்சுகூடப் பிழைக்காது. அதற்கான தடுப்பு, குஞ்சு வாங்கும்போதே பொரிப்பகத்தில் வைரஸ் சோதனைச் சான்று கேட்பதுதான். கொடுவாவுக்கான நோடா வைரஸ் தடுப்பூசியைச் சென்னை உவர்நீர் நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. குஞ்சு வாங்கும் முன் அதைப் பற்றி அங்கே விசாரியுங்கள்.

வாய் அரிப்பு, வால் கரைதல், தோலில் மஞ்சள் படலம்

கூண்டில் விட்டு ஒன்றிரண்டு வாரமே ஆன சிறு மீன்களில் இது வரும். தாடை ஓரம் அரிக்கப்பட்டு, வால் துடுப்பு நைந்து, புண்ணின் விளிம்பில் வெளிர் மஞ்சள் படலம் படர்ந்திருக்கும். டெனாசிபாகுலம் மாரிட்டிமம் என்ற நீள்வடிவ பாக்டீரியா இதற்குக் காரணம். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் மெல்லிய நீண்ட கம்பிகளாக நெளிந்து வழுக்கி நகர்வது தெரியும். அந்த ஒரு பார்வையே ஏறக்குறைய நோயைச் சொல்லிவிடும். ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக்கூழை ஊடகம் என்பார்கள். இந்த பாக்டீரியா கடல்நீர் கலந்த ஊடகத்தில்தான் வளரும். சாதாரண ஊடகத்தில் வைத்துவிட்டு 'எதுவும் வளரவில்லை' என்று முடிவு வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். மாதிரி கொடுக்கும்போதே இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள்.

மேல்தோலில் தொடங்கும் நோய் என்பதால் காரணமும் மேலேயே இருக்கும்: முரட்டு வலை, கண் அளவு பொருந்தாத வலை, ஏற்றிவந்த பயணத்தில் உரசல், ஒரே கூண்டில் அளவுக்கு மீறிய குஞ்சுகள். மென்மையான, முடிச்சில்லாத வலையில் சிறு குஞ்சுகளை வைத்தாலே பாதித் தொல்லை தீரும். கரைத் தொட்டியில் இருக்கும் குஞ்சுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு குளியல் கொடுப்பது உண்டு. ஆனால் வெளிநாட்டுக் குளிர்கடல் மீன்களுக்குச் சொல்லப்பட்ட அளவை 30 டிகிரி வெப்பமுள்ள நம் தண்ணீரில் அப்படியே போடக் கூடாது. வெப்பம் ஏற ஏற அதன் நஞ்சும் ஏறுகிறது. மீன் நோய் வல்லுநர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மீன் இளைத்துப் போகிறது, அறுத்தால் மண்ணீரலில் வெண்மணிகள்

சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் அரிசிக் குருணை அளவில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருந்தால் மூன்று நோய்கள் நினைவுக்கு வர வேண்டும். சாவு வேகமாக ஏறினால் ஃபோட்டோபாக்டீரியம் டாம்செலே பிஸிசிடா. 1963இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நடந்த பெரும் மீன்சாவில் கண்டறியப்பட்டு, பின்னர் ஜப்பானின் கூண்டுகளையும் தைவானின் கடல்விரால் கூண்டுகளையும் வாட்டிய நோய் இது. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மீன் இளைத்துச் சாகிறது என்றால் நோக்கார்டியா அல்லது மைக்கோபாக்டீரியம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான தொல்லை, பாக்டீரியா மீனின் செல்களுக்குள்ளேயும் மணிகளுக்குள்ளேயும் ஒளிந்துகொள்வதுதான். ரத்தத்தில் ஓடும் மருந்து அங்கே போதுமான அளவு எட்டாது. மருந்து கொடுக்கும்போது சாவு நிற்கும், நிறுத்தினால் மறுபடி தொடங்கும். மைக்கோபாக்டீரியம் என்று உறுதியானால் மருந்து கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கூண்டின் மீனை அப்புறப்படுத்தி, வலையையும் சட்டத்தையும் உலர்த்திக் கிருமிநீக்கம் செய்து, சில வாரம் காலியாக விடுவதுதான் வழி. மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் அந்தக் கூண்டைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்துக் கூண்டுகளையும் இழந்துவிடக் கூடாது.

செதில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், செவுள் வெளுத்துப் போயிருந்தால்

இந்த இரண்டையும் நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். கொடுவாவில் செதில் உதிர்வதற்கு விப்ரியோ ஹார்வேயியும் காரணமாகலாம், ஒரு வைரஸும் காரணமாகலாம். செவுள் வெளுத்து மண்ணீரல் பெரிதாகியிருந்தால் இரிடோ வைரஸ் இருக்கலாம். ஆய்வக முடிவு வரும்வரை இரையைக் குறைத்து, கூண்டுக்குக் கூண்டு வலைக்கரண்டி, வாளி எதையும் மாற்றிப் பயன்படுத்தாமல் காத்திருங்கள்.

மாதிரி எடுப்பது எப்படி

செத்த மீனைப் பையில் போட்டு எடுத்துப் போவதுதான் எங்கும் நடக்கும் தவறு. நம் வெயிலில் செத்த மீனின் உடம்பில் சில மணி நேரத்துக்குள் எல்லா பாக்டீரியாவும் பெருகிவிடும். அதில் எது கொன்றது, எது பிணத்தைத் தின்ன வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. சாகப்போகிற, ஆனால் உயிரோடு இருக்கிற நாலைந்து மீனை ஆக்சிஜன் நிரப்பிய பையில் கொண்டுபோங்கள். அது முடியாது என்றால் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்தில் கொடுங்கள். உறையவைக்கக் கூடாது. நன்றாக இருக்கிற இரண்டு மீனையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக் கொடுங்கள்.

ஆய்வகத்தில் சிறுநீரகத்திலிருந்து எடுத்த மாதிரியை டி.சி.பி.எஸ். என்ற பச்சை நிற ஊடகத்தில் தடவினால் அடுத்த நாளே விப்ரியோ வளர்ந்திருக்கும். அல்ஜினோலிட்டிகஸ் மஞ்சளாக வளரும், பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வளரும். இதோடு நின்றுவிடாதீர்கள். எந்த மருந்துக்கு அந்த பாக்டீரியா அடங்குகிறது என்ற வட்டுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேலும் ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் காத்திருப்பது, பலிக்காத மருந்தைப் பத்து நாள் போடுவதைவிட மேல்.

மண்டபம் ஆராய்ச்சி மையம், சென்னை உவர்நீர் நிறுவனம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆகியவை அணுக வேண்டிய இடங்கள். நீர்வாழ் விலங்கு நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செல்பேசிச் செயலி வழியாகவும் நோயைத் தெரிவிக்கலாம்.

மருந்தின் கணக்கு

பாக்டீரியாதான் என்று உறுதியாகி, வட்டுச் சோதனை ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பலிக்கும் என்று காட்டி, மீன் நோய் வல்லுநர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவு ஒரு கிலோ மீன் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 75 மி.கி., தொடர்ந்து 10 நாள்.

6 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டில் 700 கடல்விரால், சராசரி எடை ஒன்றரைக் கிலோ. மொத்தம் 1,050 கிலோ. 75 மி.கி. வீதம் ஒரு நாளைக்குச் சுத்தமான மருந்து 78.75 கிராம். நோயுற்ற கூட்டம் முழு இரையும் தின்னாது. எனவே உடல் எடையில் 2 சதவீதம் மட்டும், அதாவது 21 கிலோ பெல்லட் தீவனம் போடுகிறோம். ஒரு கிலோ தீவனத்துக்கு 3.75 கிராம் மருந்து வருகிறது. வாங்கிய பொடியில் மருந்து 50 சதவீதம்தான் என்றால் ஒரு கிலோவுக்கு 7.5 கிராம் பொடி. பொட்டலத்தின் மேல் இந்தச் சதவீதம் அச்சிடப்படாத பொடியைக் கையால் தொடாதீர்கள்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: மீனின் எண்ணிக்கை. குஞ்சு விட்ட அன்று எண்ணிய எண்ணிக்கையை வைத்தே கணக்குப் போட்டு, இடையில் செத்ததையும் தப்பியதையும் கழிக்காமல் விடுகிறோம். எடையையும் மாதிரி மீனை நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், கண்மதிப்பில் அல்ல.

பொடியைச் சிறிது நீரில் கரைத்துப் பெல்லட் மேல் சீராகத் தெளித்துப் புரட்டுங்கள். ஊறியதும் மீன் எண்ணெயைக் கிலோவுக்கு 20 முதல் 30 மி.லி. ஊற்றி மறுபடி புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். எண்ணெய் மேற்பூச்சாக நின்று மருந்து கடலில் கரையாமல் காக்கும். வெயிலில் காயவைக்க வேண்டாம். ஆக்ஸிடெட்ராசைக்ளின் வெளிச்சத்தில் சிதையும். கடலில் கைப்பிடி கைப்பிடியாக, முந்தியது தின்று முடிந்த பிறகு அடுத்தது என்று போடுங்கள். கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைத்துவிடுவதால் பயனில்லை என்பதற்கும், கடல் மீனுக்கு நன்னீர் மீனைவிட அதிக அளவு தேவைப்படுவதற்கும் காரணம் இதுவே. வெட்டிய சங்காய மீனின் மேல் பொடியைத் தூவிப் போடுவது மருந்தைக் கடலுக்குக் கொடுப்பதுதான். பெல்லட்டுக்குப் பழகாத மீனுக்கு நோய் வந்த பிறகு பெல்லட் பழக்க முடியாது. நோய் இல்லாத நாளிலேயே பழக்கி வையுங்கள்.

குளோராம்பெனிகால், நைட்ரோஃபூரான் வகைகள், ஃப்ளோரோகுயினலோன் வகைகள் ஆகியவை இந்தியாவில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. 2023இல் வந்த சட்டத் திருத்தம் கடல் கூண்டு வளர்ப்பையும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. நடப்பில் உள்ள தடைப் பட்டியலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்தை வாங்குங்கள். இறால் குளத்துக்காரர் கொடுத்த மீதிப் பொடி, கோழிப் பண்ணையில் மிஞ்சிய பாட்டில் எதுவும் வேண்டாம்.

மருந்து கொடுத்தும் சாவு குறையவில்லை

முதல் இரண்டு மூன்று நாள் சாவு தொடர்வது இயல்பு. அவை இரையை விட்டுவிட்ட மீன்கள், மருந்தே போய்ச் சேராதவை. நான்காம் நாளிலிருந்து குறைய வேண்டும். ஐந்தாம் நாளும் அதே எண்ணிக்கை என்றால் அளவை இரட்டிப்பாக்காதீர்கள், மருந்தையும் கண்டபடி மாற்றாதீர்கள். வரிசையாகப் பாருங்கள். போட்ட தீவனத்தை உண்மையிலேயே தின்றனவா? பாதியைத்தான் தின்றன என்றால் பாதி மருந்துதான் போயிருக்கிறது. நன்றாக இருக்கும் பெரிய மீன்கள் அதில் பெரும்பங்கைத் தின்றிருக்கும். ஒட்டுண்ணி தீர்ந்ததா? அடைத்த வலை மாறியதா? வட்டுச் சோதனையில் இருந்த பாக்டீரியாதான் இப்போதும் வருகிறதா? இந்த நான்கையும் பார்த்த பிறகே வல்லுநரோடு அடுத்த மருந்தைப் பேசுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நான்காம் நாள் சாவு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவது. எஞ்சியிருப்பவை மருந்தை ஓரளவு தாங்கப் பழகிய பாக்டீரியாக்கள். அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போவதற்கு இப்படித்தான் வழி செய்கிறோம். பக்கத்துக் கூண்டுக்காரருக்கும் சேர்த்து. எழுதிய நாள் முழுவதும் கொடுங்கள்.

நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1987இல் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படுத்தின. தடுப்பூசி வந்ததும், பண்ணைகளுக்கிடையே இடைவெளியும் ஓய்வுக் காலமும் கட்டாயமானதும், 1990களின் நடுவிலேயே அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது. உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. நம் கடல்விராலுக்கு அத்தகைய தடுப்பூசி கையில் இல்லை. ஆனால் இடைவெளியும் ஓய்வும் சுத்தமான வலையும் தடுப்பூசிக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

உங்கள் கைகளைப் பற்றி

மீனைக் கையாளும்போது ரப்பர் கையுறை கட்டாயம். விப்ரியோ வல்னிஃபிகஸ் சிறு முள் குத்திய காயத்தின் வழியாக நுழைந்து, ஓரிரு நாளில் கை காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உயிரே போகலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே 1995-96இல் டொராண்டோவில் மீனைச் சுத்தம் செய்தவர்களின் கைகளைத் தாக்கியது. மைக்கோபாக்டீரியம் மாதக்கணக்கில் ஆறாத முடிச்சுகளைத் தோலில் உண்டாக்கும். காயம் சிவந்து வீங்கி வலி வேகமாக ஏறினால் மஞ்சள் அரைத்துப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடல் மீன் குத்தியது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

செத்த மீனைக் கூண்டுக்கு வெளியே கடலில் வீசாதீர்கள். கரைக்குக் கொண்டுவந்து, அலை ஏறாத மேட்டில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

அறுவடை நெருங்கியிருக்கும்போது நோய் வந்தால்

இதுதான் கடினமான முடிவு. ஆக்ஸிடெட்ராசைக்ளின் மீன் இறைச்சியில் கிலோவுக்கு 0.1 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு வரம்பு, ஐரோப்பிய வரம்பும் அதுவே. மருந்து உடம்பை விட்டு வெளியேற எடுக்கும் காலத்தை ஐரோப்பாவில் 500 பாகை-நாள் என்று, அதாவது தண்ணீரின் வெப்பத்தை நாள்களால் பெருக்கி, கணக்கிடுகிறார்கள். தண்ணீர் 28 டிகிரி என்றால் அது சுமார் 18 நாள். நான் அதைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்வேன், ஒரு மாதம் விடச் சொல்வேன். நோயுற்ற மீனின் உடம்பு மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும்.

பத்து நாள் மருந்து, ஒரு மாதம் காத்திருப்பு. விற்க இரண்டு வாரமே இருக்கும் கூண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது மருந்தைத் தொடாமல், இரையை நிறுத்தி, ஒதுங்கிய மீன்களை அகற்றி, நன்றாக இருப்பவற்றை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடுவதே சரி. எடை குறைவாக இருக்கும், விலையும் குறையும். மருந்து தொடங்கிவிட்டால் விற்பனைத் தேதி தள்ளிப்போகத்தான் வேண்டும். தொடங்கிய நாள், முடித்த நாள், பொடியின் பெயர், அளவு, எழுதிக் கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை இரைக் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள். வாங்க வருகிற வியாபாரி கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.